0.4 மதிப்பெண்ணில் முடிந்த கதைப் போட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

எழுத்து வட்டம் ஒன்றும் கதைசொல்லிகள் குழு ஒன்றும் நேருக்கு நேர் மோதிய மேடைப் போட்டி இது. ஒரே மாலையில் எட்டுக் கதைகள், ஐந்து நடுவர்கள். எழுத்து வட்டம் 0.4 மதிப்பெண் வித்தியாசத்தில் வென்றது. முடிவை அறிவிப்பதற்கு முன் அரங்கில் இருந்தவர்களிடம் கேட்டிருந்தால் பெரும்பாலோர் கதைசொல்லிகளின் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். கடைசிக் கதைக்கு எழுந்த கைதட்டல் அப்படிப்பட்டது. கைதட்டல் ஒரு பக்கமும் கோப்பை இன்னொரு பக்கமும் போனது ஏன் என்று பார்க்கவே இதை எழுதுகிறேன். மதிப்பெண் கூட்டும் மேசையில் இருந்ததால் எல்லாக் கதைகளையும், அவற்றுக்கு விழுந்த எண்களையும், நேரக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

இரு பக்கமும் திறமைக்குக் குறைவில்லை. தயாரிப்பில்தான் இரண்டு குழுவும் ஒரே இடத்தில் சறுக்கின. கேட்பவர் யாரும் இல்லாத அறையில் பயிற்சி எடுத்துவிட்டு, ஆட்கள் நிறைந்த அரங்குக்கு வந்தார்கள். எழுத்தாளர்களை அது முதல் சுற்றில் அடித்தது. கதைசொல்லிகளைக் கடைசிச் சுற்றில் அடித்தது.

போட்டி எப்படி அமைந்தது

விதிகளை இரண்டு குழுவும் சேர்ந்தே வகுத்தன. அவற்றில் பலவும் வேறு மேடைகளிலிருந்து எடுத்துக்கொண்டவை. பார்வையாளர்களிலிருந்தே நடுவர்களைப் பொறுக்கி எடுத்து, பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லும் வழக்கம், கவிஞர்கள் மேடையில் கவிதையை நிகழ்த்தி மோதும் கவிதை ஸ்லாம் போட்டிகளிலிருந்து வந்தது. கட்டுமானத் தொழிலாளியாக இருந்த கவிஞர் மார்க் ஸ்மித், 1986இல் சிகாகோவின் கிரீன் மில் என்ற மதுக்கூடத்தில் வாராந்தர ஸ்லாமைத் தொடங்கினார். புத்தகத்தைப் பார்த்து முணுமுணுக்கும் கவிதை வாசிப்புகள் மீதிருந்த சலிப்புதான் அதற்குப் பின்னால் இருந்தது. 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் தேசிய ஸ்லாம் நடந்தபோது, ஊருக்கு ஓர் அணி என்று குழுவுக்குக் குழு மோதும் முறையும் வந்துவிட்டது. ஐந்து நடுவர்கள், மிக அதிகமான எண்ணையும் மிகக் குறைவான எண்ணையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள மூன்றைக் கூட்டுவது, நேரம் தாண்டினால் ஒவ்வொரு பத்து விநாடிக்கும் அரை மதிப்பெண் வெட்டு. எல்லாம் அங்கிருந்து வந்தவையே.

தாளைப் பார்க்கக் கூடாது என்ற விதி, கதைசொல்லும் நிகழ்ச்சிகளை நடத்தும் த மாத் என்ற அமைப்பின் மேடைகளைப் பார்த்து எடுத்தது. நாவலாசிரியர் ஜார்ஜ் டாஸ் கிரீன் 1997இல் நியூயார்க்கில் அதைத் தொடங்கினார். அதன் ஸ்லாம் இரவுகளில் பெயர்களைக் குலுக்கி எடுப்பார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். சொல்பவரின் வாழ்வில் நடந்த உண்மைக் கதையாக இருக்க வேண்டும். கையில் குறிப்பு கூடாது. நம் போட்டியில் ‘உண்மைக் கதை’ என்ற நிபந்தனையை மட்டும் தளர்த்தினார்கள். எழுத்து வட்டத்தில் புனைகதை எழுதுபவர்களே அதிகம். அந்தத் தளர்த்தல் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆக, அணிக்கு நான்கு பேர், நான்கு சுற்று. ஆளுக்கு ஆறு நிமிடம், முப்பது விநாடி சலுகை. 6:30ஐத் தாண்டினால் வெட்டு. ஒரு கதைக்கு அதிகபட்சம் 30 மதிப்பெண். பொதுத் தலைப்பு ‘கடன் வாங்கியது’. முதல் சுற்றிலும் நான்காம் சுற்றிலும் எழுத்து வட்டம் முதலில் சொல்ல வேண்டும், நடு இரண்டு சுற்றுகளில் கதைசொல்லிகள் முதலில் என்று குலுக்கலில் விழுந்தது.

முதல் சுற்று

எழுத்து வட்டத்திலிருந்து முதலில் ஏறியவர் அவர்களில் நன்றாக எழுதக்கூடியவர்களில் ஒருவர். திருப்பிக் கொடுக்காமல் போன ஒரு குடையைப் பற்றிய கதை. முதல் இரண்டு நிமிடம் ஒவ்வொரு வாக்கியமும் செதுக்கியது போல வந்தது. மூன்றாம் நிமிடத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றார். இரண்டு வாக்கியம் பின்னால் போய் அதே சொற்களை மறுபடி சொன்னார். அதே இடத்தில் மறுபடி நின்றார். கண் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரங்கில் யாரும் அசையவில்லை. அவருக்காக எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு பத்தியைத் தாண்டிக் குதித்து முடிவுக்குப் போய்ச் சேர்ந்தார். தாண்டிய பத்தியில்தான் குடை யாருடையது என்ற விவரம் இருந்திருக்கிறது. அது இல்லாமல் முடிவு யாருக்கும் எட்டவில்லை. 30க்கு 21.3.

அவர் கதையை மறக்கவில்லை. குடை யாருடையது என்று நடுவில் யாராவது கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பார். மறந்தது ஒரு வாக்கியத்தை. ஆனால் அவர் கதையை வாக்கியங்களின் சங்கிலியாக மனதில் ஏற்றியிருந்தார். ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்த கண்ணியைப் பிடிக்க வேறு வழி இல்லை.

வாய்மொழிக் கதைமரபை ஆராய்ந்தவர்கள் இதன் மறுபக்கத்தைக் காட்டியிருக்கிறார்கள். மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் காவியப் பாடகர்களைச் சந்தித்து அவர்கள் பாடியதைப் பதிவு செய்தார். அவரோடு போன ஆல்பர்ட் லார்ட் பின்னாளில் அந்த வேலையைத் தொடர்ந்தார். பல ஆயிரம் அடிகள் கொண்ட கதையைத் தாள் இல்லாமல் பாடியவர்கள் அந்தப் பாடகர்கள். ‘சொல்லுக்குச் சொல் அப்படியே பாடுவோம்’ என்று பாடகர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஒரே பாடகர் ஒரே பாட்டை இரண்டு முறை பாடிய பதிவுகளை ஒப்பிட்டால் சொற்கள் வேறு வேறாக இருந்தன. அவர்கள் மனதில் வைத்திருந்தது நிகழ்ச்சிகளின் வரிசையையும், கைக்குப் பழகிய சொற்றொடர்களையும்தான். பாட்டு ஒவ்வொரு முறையும் கேட்பவர்களின் முன்னால் புதிதாகக் கட்டப்பட்டது. கேட்பவர் சோர்ந்தால் சுருக்குவார்கள், உற்சாகமாக இருந்தால் விரிப்பார்கள்.

முதல் சுற்றில் கதைசொல்லிகள் பக்கமிருந்து வந்தவர் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். இரவல் வாங்கிய சைக்கிளில் விழுந்த கதை; பெரிய கதை ஒன்றும் இல்லை. நடுவில் அவரும் ஓர் இடத்தில் தடுமாறினார். ‘இருங்க, அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்’ என்று பின்னால் போய் எடுத்துக்கொண்டு வந்தார். அரங்கில் பலர் அதைத் தடுமாற்றமாகவே எண்ணவில்லை. 24.1.

இரண்டாம் சுற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரண்டு கதையும் ஒழுங்காக ஆரம்பித்து ஒழுங்காக முடிந்தன. கதைசொல்லிகள் 25.0, எழுத்து வட்டம் 24.6. மொத்தத்தில் கதைசொல்லிகள் 3.2 முன்னால்.

மூன்றாம் சுற்று: காதுக்கருவி

போட்டி திரும்பியது இங்கேதான்.

கதைசொல்லிகளின் மூன்றாமவர் குரல் மாற்றுவதில் வல்லவர். கடன் கேட்டு வருபவர், கொடுக்க மறுப்பவர், நடுவில் புகும் அண்டை வீட்டுக்காரர், குழந்தை, கிழவி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குரல், ஒரு நிற்கும் விதம். அரங்கு ரசித்தது. ஆனால் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கதை முடிந்ததும் மெல்லக் கேட்டார், ‘கடைசில கடன் கொடுத்தாரா இல்லையா?’ என்று. கதையில் அதற்குப் பதில் இருந்தது, குரல்களுக்கு அடியில் புதைந்து கிடந்தது. யாரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி வராமல், காட்சிக்கு அடுத்து காட்சி என்று போன கதை அது. 25.6.

அடுத்து எழுத்து வட்டத்தின் பெண் ஏறினார். ‘தாத்தா தூங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய காதுக்கருவியை எடுத்து என் காதில் மாட்டிக்கொண்டேன். எனக்கு ஒன்பது வயது’ என்று ஆரம்பித்தார். மின்விசிறியின் சத்தம், தண்ணீர் சொட்டும் சத்தம், தன் தலைமுடி உரசும் சத்தம். அப்புறம் பக்கத்து அறையில் அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது. தாத்தாவை வேறிடத்தில் கொண்டுபோய் விடுவது பற்றிய பேச்சு. கேட்டதைத் தாத்தாவிடம் சொல்வதா, கருவியை மேசையில் வைத்துவிட்டு எதுவும் கேட்காதது போல இருந்துவிடுவதா என்பதில் கதை நின்றது. அந்த இடத்தில் அவர் மைக்கை விட்டுச் சற்று விலகி நின்றார். சில விநாடிகள் எதுவும் பேசவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் முன்னால் குனிந்தார்கள். 27.5.

போட்டிக்குப் பிறகு அவரோடு பேசினேன். அந்தக் கதையின் எழுத்து வடிவம் ஒன்பது பக்கம். தாத்தாவின் அறையை விவரிக்கும் இரண்டு பக்கத்தோடு அது தொடங்குகிறது. வாசிக்கும்போது அந்த இரண்டு பக்கம் நன்றாகவே இருக்கும், நான் வாசித்தேன். வாசகர் தன் வேகத்தில் போவார், பிடித்த இடத்தில் நிற்பார், புரியாவிட்டால் மேலே போய்ப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. அவரை முதல் வாக்கியத்திலேயே அறைக்குள் கொண்டுவர வேண்டும். அப்படி மாற்றியதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை என்றார் அவர். வேலை செய்யும் இடத்தில் உடன் இருப்பவர்களிடம் போட்டிக்கு முந்தைய நாட்களில் அந்தக் கதையை வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறார். அறை வர்ணனை வந்தபோதெல்லாம் கேட்டவர்களின் பார்வை கைபேசிக்குப் போனது. காதுக்கருவி வந்ததும் திரும்பி வந்தது. ‘அவங்க கண்ணு எங்க திரும்பி வந்ததோ அங்கிருந்தே ஆரம்பிச்சேன்’ என்றார்.

எட்டுப் பேரில், இன்னொருவர் முன்னால் முழுக் கதையையும் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான் என்று பின்னர் விசாரித்ததில் தெரிந்தது. மற்ற எழுத்தாளர்கள் தாளை வைத்து மனப்பாடம் செய்தார்கள். கதைசொல்லிகள் தனியாகப் பேசி நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

ஏழு நிமிடம் இருபது விநாடி

கதைசொல்லிகள் இப்போது 1.3 மட்டுமே முன்னால். நான்காம் சுற்றில் எழுத்து வட்டம் முதலில் சொல்லி 28.1 வாங்கியது. நல்ல கதை, நல்ல நிதானம், 5:50க்கு முடிந்தது.

கடைசியாக வந்தவர் கதைசொல்லிகள் குழுவில் மூத்தவர். நூலகத்தில் கடன் வாங்கிய அகராதி ஒன்றைப் பல ஆண்டுகள் கழித்துத் திருப்பிக் கொடுக்கப் போன கதை. ஒவ்வொரு முறை அவர் நூலக வாசல் வரை போய்த் திரும்பும்போதும் அரங்கு வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை அவர் காத்திருந்தார். அனுபவசாலி அப்படித்தான் செய்ய வேண்டும். சிரிப்பின் மேல் பேசினால் அடுத்த வரி யாருக்கும் கேட்காது. நேரத்தை நினைவூட்டும் மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. சிவப்பு அட்டையும் காட்டப்பட்டது. அட்டை காட்டுபவர் இடப்பக்கத் தூணுக்கு அருகில் நின்றார். மூத்தவர் பெரும்பாலும் வலப்பக்கம் திரும்பியே பேசினார். அவர் முடித்தபோது கடிகாரம் 7:20. நடுவர்கள் கொடுத்தது 28.9, அந்த மாலையின் மிக உயர்ந்த எண். 6:30க்கு மேல் ஐம்பது விநாடி. பத்துப் பத்து விநாடியாக ஐந்து முறை, 2.5 வெட்டு, மீதி 26.4. மொத்தக் கணக்கில் எழுத்து வட்டம் 101.5, கதைசொல்லிகள் 101.1.

கதைசொல்லிகள் தரப்பிலிருந்து கேள்வி எழுந்தது. ‘ஜனங்க சிரிச்ச நேரத்தை எல்லாம் ஐயா பேரில் எழுதுவது நியாயமா?’ என்றார் ஒருவர். கோபமாக இல்லை, உண்மையாகவே கேட்டார். நேரத் தாளையும் மதிப்பெண் தாளையும் இரு தரப்புக்கும் காட்டினோம். தொடக்கத்தில் மேடையிலேயே விதி வாசிக்கப்பட்டிருந்தது. மூத்தவரே எழுந்து ‘விதி விதிதான்’ என்று பேச்சை முடித்தார்.

கேள்வி நல்ல கேள்வி. என் பதில், நியாயம்தான் என்பது. சிரிப்பும் மௌனமும் கதையின் பகுதி, அவற்றுக்கான நேரத்தையும் கதைதான் தர வேண்டும். காதுக்கருவிக் கதையின் அந்த மௌனமும் அவருடைய ஆறு நிமிடத்துக்குள்ளேயே எண்ணப்பட்டது. மூத்தவர் வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்தபோது சரியாக ஆறு நிமிடம் வந்திருக்கிறது. யாரும் சிரிக்காத அறையில் ஆறு நிமிடம் வரும் வேடிக்கைக் கதை, நிறைந்த அரங்கில் ஏழு நிமிடத்தைத் தொடும். நகைச்சுவைக் கதையை வீட்டில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நேரத்தில் விடக்கூடிய பகுதி எது என்றும் முன்கூட்டியே குறித்து வைத்திருக்க வேண்டும். வாசல் வரை போய்த் திரும்பும் காட்சி அவர் கதையில் நான்கு முறை வந்தது. மூன்று போதும், அரங்கு இன்னும் அதிகமாகவே சிரித்திருக்கும்.

அட்டை காட்டுபவரின் இடம் மட்டும் ஏற்பாட்டின் குறை. அரங்கின் நடுப்பகுதியில், பின்னால், சொல்பவரின் கண்மட்டத்தில் இருந்திருக்க வேண்டும்.

எண்கள் ஏறிக்கொண்டே போனது

முதல் கதை 21.3, கடைசிக் கதை 28.9. எட்டுக் கதைகளின் தரமும் இப்படிப் படி ஏறவில்லை. சைக்கிள் கதை கடைசியாக வந்திருந்தால் 26 வாங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஸ்லாம் உலகில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதலில் வருபவருக்கு நடுவர்கள் கையை இறுக்கிப் பிடிப்பார்கள். பின்னால் இதைவிட நல்லது வந்தால் என்ன செய்வது என்ற தயக்கம். நேரம் போகப் போக எண் ஏறும். கதைப் போட்டிக்கு மட்டும் உரிய நோயும் இல்லை இது. ஐரோப்பிய நாடுகளுக்கிடையே நடக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் மதிப்பெண்களையும் பனிச்சறுக்கு நடனப் போட்டிகளின் மதிப்பெண்களையும் ஆராய்ந்து ப்ரூயின் டி ப்ரூயின் என்ற ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட கட்டுரை, பின்னால் வருபவர்களுக்குக் கூடுதல் எண் கிடைப்பதைக் காட்டியது. பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் வாசிக்கும் வரிசை குலுக்கலில் விழுகிறது. அங்கும் பின்னால் வாசித்தவர்கள் மேலான இடம் பிடித்ததைப் பொருளியல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இசையைத் தொழிலாகக் கொண்ட நடுவர்களுக்கே அப்படியென்றால், பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து வந்த ஐந்து பேரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கு ஸ்லாம்களில் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். போட்டியில் சேராத ஒருவர் முதலில் மேடையேறுவார். நடுவர்கள் அவருக்கு எண் போட்டுக் கையைப் பழக்கிக்கொள்வார்கள். அந்த எண் எந்தக் கணக்கிலும் சேராது. நம் போட்டி தாமதமாகத் தொடங்கியதால் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அதன் விலையைக் குடைக் கதை சொன்னவர் கொடுத்தார். அவருடைய 21.3இல் தடுமாற்றத்துக்கு எவ்வளவு, முதலிடத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. ஆனால் கதைசொல்லிகளுக்கு மிகச் சாதகமான கடைசி இடம் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த அனுகூலத்தோடு வந்த அதிக எண்ணைக் கடிகாரம் விழுங்கிவிட்டது.

கதைக்கு ஓர் எண், சொல்லும் விதத்துக்கு ஓர் எண் என்று பிரித்துப் போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். டாட் சூனிகா 2006இல் நியூயார்க்கில் தொடங்கிய, எழுத்தாளர்கள் தம் படைப்பை வாசித்து மோதும் லிட்டரரி டெத் மேட்ச் என்ற நிகழ்ச்சியில் மூன்று நடுவர்கள் உண்டு. ஒருவர் இலக்கியத் தரத்தையும், ஒருவர் நிகழ்த்தும் விதத்தையும், மூன்றாமவர் வேறெதிலும் அடங்காத அம்சங்களையும் பார்ப்பார். தாளைப் பார்த்து வாசிக்கும் மேடைக்கு அந்தப் பிரிவு பொருந்தும். வாயால் சொல்லும் கதைக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். காதுக்கருவிக் கதையில் அந்தச் சில விநாடி மௌனத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஒரே எண் போதும். நடுவர்களிடம் தொடக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் கொடுத்துவிடலாம்: ‘இந்தக் கதையை நாளை இன்னொருவருக்கு உங்களால் சொல்ல முடியுமா, சொல்லத் தோன்றுமா?’ குரல் வித்தைக் கதையும் அகராதிக் கதையும் அந்தக் கேள்வியில் தாமாகவே பிரிந்து நிற்கும்.

அடுத்த போட்டிக்கு ஒப்புக்கொண்டவை

முடிவுக்குப் பிறகு இரு குழுவின் பொறுப்பாளர்களும் உட்கார்ந்து பேசியதில் சில மாற்றங்கள் முடிவாயின. கை பழக்கும் முதல் கதை கட்டாயம், எவ்வளவு தாமதமானாலும் சரி. நேர அட்டை நடுவில், பின்னால். ஒவ்வொரு போட்டியாளரும் எதிர்க்குழுவைச் சேர்ந்த இருவர் முன்னால் ஒரு முறை முழுக் கதையையும் சொல்லிப் பார்த்த பிறகே மேடையேற வேண்டும். இந்தக் கடைசி விதிக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது. கதை முன்பே வெளியில் தெரிந்துவிடும் என்ற பயம். தெரிந்தால் என்ன என்று குடைக் கதை சொன்னவரே கேட்டதும் எதிர்ப்பு அடங்கியது.

இன்னொன்று மதிப்பெண் இல்லாத சுற்று. எழுத்து வட்டத்தில் எழுதப்பட்ட ஒரு கதையைக் கதைசொல்லிகளில் ஒருவர் மேடையில் சொல்வார். கதைசொல்லிகள் மேடையில் சொன்ன ஒரு கதையை எழுத்து வட்டத்தில் ஒருவர் எழுதிக்கொண்டு வருவார். முதலாவதற்குக் குடைக் கதையைத் தேர்ந்திருக்கிறார்கள், அந்த விட்டுப்போன பத்தியோடு. இரண்டாவதற்கு அகராதிக் கதை. எழுதும் பொறுப்பைக் காதுக்கருவிக் கதை சொன்னவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். நூலக வாசல் காட்சி எத்தனை முறை வர வேண்டும் என்பதில் அவருக்கும் மூத்தவருக்கும் இப்போதே வாக்குவாதம் தொடங்கிவிட்டது.